வடசென்னையில் பாப் பாடக் கற்பது: முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

பாட்டுக்குப் பஞ்சமில்லாத பகுதி நம்முடையது. சாவு வீட்டில் விடிய விடிய கானா, ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு மைக் செட், பெரம்பூரிலும் ராயபுரத்திலும் ஞாயிறு காலையில் தேவாலயப் பாடகர் குழு. இதற்கு நடுவில் வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். கூச்சமில்லாமல் குரலெடுப்பார்கள், தாளத்தில் நிற்பார்கள். பாப் கற்க வரும்போது அவர்களிடம் இருக்கும் குறை வேறு: மெதுவாகப் பாட வராது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் சுருதி இறங்கும், சொல் மங்கும், பாதி வரியிலேயே மூச்சு தீர்ந்துபோகும்.

அதனால் இந்த வழிகாட்டியில் எல்லாப் படிகளும் ஒன்றையே சுற்றி வரும். முதலில் மெதுவாகப் பாடுங்கள். உரக்கப் பாடுவதை அதன் மேல் கட்டிக்கொள்ளலாம். வரிசையை மாற்றிச் செய்தால் தொண்டைதான் புண்ணாகும்.

பாப் என்கிற பாணியே மைக்கோடு சேர்ந்து வளர்ந்தது. எஸ். ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்து வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை கொட்டகை போன்ற இடங்களில், கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்றால் உச்ச சுருதியில் தொண்டையைத் திறந்து பாடியே ஆக வேண்டும். மேற்கிலும் அதே நிலைமைதான். 1920-களில் மின்சார மைக் புழக்கத்துக்கு வந்தபிறகுதான் காதருகே பேசுவதுபோலப் பாடும் முறை பிறந்தது. தமிழில் ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீனிவாஸும் அந்த மென்மையை எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பாப் பாட வேண்டும் என்றால் உங்கள் முன்னால் நிற்பது ஐந்நூறு பேர் அல்ல, ஒரே ஒருவர் என்று எண்ணிக்கொண்டு பாட வேண்டும். ஐந்நூறு பேருக்குக் கொண்டுசேர்ப்பது மைக்கின் வேலை.

இடமும் நேரமும்

ஒரு சுவர் தாண்டினால் பக்கத்து வீடு. இங்கே பயிற்சிக்குத் தனி அறை என்பது பலருக்குக் கனவு. பரவாயில்லை, மெதுவாகப் பாடுவதற்குத் தனி அறை தேவையில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்கு எதிரே நின்று பாடினால் எதிரொலி அடங்கும், குரல் உள்ளபடி கேட்கும். குளியலறையில் பாடிப் பழகாதீர்கள். அங்கே எல்லாக் குரலும் நன்றாகத்தான் இருக்கும்.

இரைச்சலுக்குப் பக்கத்தில் பயிற்சி வேண்டவே வேண்டாம். சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம். எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்து 1911-லேயே எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் மொட்டை மாடியில் நின்று பாடினால், பாட்டைப் பழகுகிறீர்கள் என்று நினைப்பீர்கள். உண்மையில் பழகுவது கத்துவதை. மின்சார ரயிலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கூடவே பாடுவதும் அப்படித்தான். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரு எழுவதற்கு முன்னான காலை அரை மணி நேரம் நல்லது. எழுந்த உடனே வேண்டாம், குரல் அப்போது தடித்திருக்கும். கொஞ்சம் பேசி, தண்ணீர் குடித்து, அப்புறம் தொடங்குங்கள். அரை மணியும் கிடைக்கவில்லையா, காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். வாரத்தில் ஒரே நாள் மூன்று மணி நேரம் பாடுவதைவிட அது மேல்.

உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்

போனில் இலவசமாகக் கிடைக்கும் பியானோ ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பாடும் சுருதியை மெல்லிசைக் குழுக்காரர்கள் ‘சி ஸ்கேல்’, ‘டி ஸ்கேல்’ என்பார்கள். பாட்டு வாத்தியார் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்பார். கணக்கு ஒன்றுதான்: 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை.

சாதாரணமாகப் பேசும் குரலில் ‘ஆ’ என்று சொல்லி, அது எந்தக் கட்டையில் விழுகிறது என்று பாருங்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். குரல் கரகரத்துக் காற்றாகிற இடம் உங்கள் அடிமட்டம். திரும்பவும் மேலே ஏறுங்கள். கழுத்து நரம்பு புடைக்கிற இடத்துக்கு இரண்டு கட்டை முன்னாலேயே நின்றுவிடுங்கள். இப்போதைக்கு உங்கள் உச்சம் அதுதான். இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் மேல் எல்லை நகரும், கீழ் எல்லை அவ்வளவாக நகராது.

இந்தத் தாள் கையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சினிமாப் பாட்டுகளில் பல, அந்தப் பாடகரின் உச்சத்துக்கென்றே ஸ்கேல் வைத்து அமைத்தவை. அதே ஸ்கேலில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. கரோக்கே ஆப்களில் ஸ்கேலை அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கும் வசதி இருக்கிறது. தயங்காமல் இறக்குங்கள். பெண் பாடிய பாட்டை ஆண் பாடும்போது, மூல ஸ்கேலிலேயே கஷ்டப்படுவதற்கும் ஒரு முழு ஸ்தாயி (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை உள்ள தூரம்) கீழே போய் முனகுவதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும். நாலைந்து அரைக் கட்டை இறக்கிப் பாருங்கள்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுப் பையன்களுக்கு ஒரு வார்த்தை. குரல் உடைகிற காலம் இது. நேற்று எட்டிய சுரம் இன்று வராது, நடுவில் வெள்ளி விழும். யாராவது சிரித்தால் பாட்டை விட்டுவிடாதீர்கள். வருகிற சுரங்களில் மட்டும் மெதுவாகப் பாடிக்கொண்டிருங்கள், ஓரிரு வருடத்தில் குரல் நிலைக்கும்.

மூச்சு

இதைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். தோளைத் தூக்காமல், விலாவும் வயிறும் விரிய மூச்செடுங்கள். பிறகு ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக விடுங்கள். முதலில் 15 வினாடி, பழகப் பழக 25, 30. பாப் வரிகள் குட்டையானவை, பெரிய மூச்சே தேவைப்படாது. மூச்சை அடைத்து வைத்துக்கொண்டு பாடுவதுதான் நிறைய பேருக்குத் தொல்லை. சின்ன வரிக்குச் சின்ன மூச்சு.

ஸ்ட்ராவும் உதடும்

குரல்நாண்கள் மிகச் சிறியவை. வளர்ந்த ஆண்களுக்கே ஏறக்குறைய 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம்தான், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. 440 ஹெர்ட்ஸ் என்று சொல்லும் ஏ சுரத்தைப் பாடினால் அவை வினாடிக்கு 440 முறை ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. தட்டல் மென்மையாக இருந்தால் ஒரு மணி நேரம் பாடலாம். முரட்டுத்தனமாக இருந்தால் பத்து நிமிடத்தில் குரல் கம்மும்.

தட்டலை மென்மையாக்க எனக்குத் தெரிந்து ஸ்ட்ராவைவிட நல்ல வழி கிடையாது. இளநீர்க் கடையில் தரும் சாதாரண ஸ்ட்ரா போதும். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு அதை விட்டு, உதட்டை இறுக்கி மூடி, ஸ்ட்ரா வழியாக ‘ஊ’ என்று ஒலியெழுப்புங்கள். குமிழி சீராக வர வேண்டும். கொப்பளித்துத் தெறித்தால் காற்றை அதிகம் தள்ளுகிறீர்கள். குமிழியே வராவிட்டால் தொண்டையை இறுக்கியிருக்கிறீர்கள். அப்படியே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். பிறகு ஒரு பாட்டின் பல்லவி முழுவதையும் சொல் இல்லாமல் ஸ்ட்ரா வழியாகவே பாடுங்கள். வாயின் முனை குறுகி இருப்பதால் காற்றழுத்தம் கொஞ்சம் திரும்பி வந்து குரல்நாண்களைத் தாங்குகிறது. குறைந்த உழைப்பில் ஒலி வருவது இதனால்தான். குரல் சிகிச்சை தருகிறவர்களும் இதைச் செய்யச் சொல்வார்கள்.

ஸ்ட்ரா இல்லாத இடத்தில் உதட்டை ‘ப்ர்ர்ர்’ என்று அடித்துக்கொண்டே சுரம் ஏறி இறங்குங்கள், சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டி விளையாடுவதுபோல. உதடு நின்றுபோகிற சுரத்தில் மூச்சும் நிற்கிறது என்று பொருள். கடைசியாக வாயை மூடி ‘ம்ம்’ என்று ஹம்மிங். மூக்கும் மேலுதடும் கூச வேண்டும், தொண்டையில் ஒன்றும் தெரியக் கூடாது. எல்லாம் சேர்த்து ஏழெட்டு நிமிடம். இதைச் செய்யாமல் பாட்டைத் தொடாதீர்கள்.

பாட்டை முதலில் பேசுங்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது, பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதையே. பாட்டின் வரிகளைக் கையால் எழுதுங்கள். மெட்டை மறந்துவிட்டு, எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பேசுங்கள். எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது, எங்கே இயல்பாக மூச்சு வாங்குகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பேச்சையே கொஞ்சம் கொஞ்சமாக மெட்டுக்குள் தள்ளுங்கள். பேச்சுக் குரலுக்கும் பாட்டுக் குரலுக்கும் தூரம் குறையக் குறைய, பாப் பாணி தானாக வரும்.

மேற்கத்திய பாப் கேட்டுப் பழகியவர்கள் தமிழில் பாடும்போது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். ‘என்னை விடு’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெட்டு இழுக்கிறதே என்று ‘வி’யை நீட்டினால் ‘என்னை வீடு’ ஆகிவிடும். ‘மலை’ மாலையாகும், ‘படம்’ பாடமாகும். இழுக்க வேண்டுமென்றால் நெடிலில் இழுங்கள், அல்லது வரியின் கடைசி எழுத்தில் இழுங்கள். ‘எனக்கு’, ‘காற்று’ போல உகரத்தில் முடியும் சொற்களில் அந்தக் கடைசி உகரத்தை நீட்டாதீர்கள், ‘எனக்கூ’ என்று காதில் உறுத்தும். ‘காற்று’ என்றால் ‘கா’வில் நின்று, கடைசியைச் சட்டென்று முடியுங்கள்.

மெய்யெழுத்துகளிலும் வேலை இருக்கிறது. ம், ன், ண், ல், ழ் ஆகியவற்றில் சுருதியைத் தாங்கி நிற்க முடியும். ‘வானம்’ என்ற சொல்லை வாய் மூடிய பிறகும் ‘ம்’ மேல் மிதக்க விடலாம், மைக்கில் அது அழகாகக் கேட்கும். க், ட், த், ப் அப்படியல்ல, ஒலி அங்கே நின்றுபோகும். ‘பாட்டு’, ‘பத்திக்கிச்சு’ போன்ற சொற்களில் இரட்டைக்கு முன்னால் வரும் அந்தக் குட்டி நிசப்தம் தாளத்துக்கு அடி போட்டதுபோல வேலை செய்யும். கானா பாடுகிறவர்கள் இதைப் பிறவியிலேயே பிடித்தவர்கள். அவர்கள் சொல்லை எப்படி வெட்டுகிறார்கள் என்று கூர்ந்து கேளுங்கள்.

அப்புறம், உங்கள் பேச்சைப் பற்றி. வியாசர்பாடியில் வளர்ந்தவர் வேறு யாரோ மாதிரி பேசிப் பாட வேண்டியதில்லை. கானாவை 1990-களில் தேவா சினிமாவுக்குள் பரவலாகக் கொண்டுவந்தார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, அதை ராக்கோடும் ராப்போடும் சேர்த்து மேடையேற்றியது. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானாவில் தன் குரலை நிறுத்தி, 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். நம் பேச்சின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் மேடை இருக்கிறது. ல, ள, ழ மட்டும் தெளிவாக இருக்கட்டும், உச்சரிப்பு தெரிந்தே ஒரு பாணியைத் தேர்ந்தெடுப்பது வேறு, தெரியாமல் மழுங்குவது வேறு.

முதல் பாட்டு

ஒரே ஒரு பாட்டு. மெதுவான வேகம், சின்ன எல்லை, உங்கள் தாளில் எழுதியிருக்கும் உச்சத்துக்குக் கீழேயே முடிகிற பாட்டு. பிடித்த பாட்டெல்லாம் முதல் பாட்டாக முடியாது.

முதல் வாரம் கேட்க மட்டும் செய்யுங்கள், வரிகளை எழுதிப் பேசுங்கள். இரண்டாம் வாரம் பல்லவி மட்டும், மூலப் பாட்டோடு சேர்ந்து, அவர் குரலைவிட உங்கள் குரல் சின்னதாக இருக்கும்படி. மூன்றாம் வாரம் கரோக்கே ட்ராக்கோடு. அதற்குப் பிறகு ட்ராக்கும் இல்லாமல், போனில் தம்பூரா ஆப்பை உங்கள் கட்டையில் ஓடவிட்டுப் பாடிப் பாருங்கள். சுருதி விலகுகிற இடம் அப்போது பளிச்சென்று தெரியும். விலகுகிற அந்த இரண்டு சுரத்தை மட்டும் எடுத்து ‘ம்ம்’ என்று பாடி, பிறகு ‘நா’ என்று பாடி, பிறகு சொல்லை வைக்க வேண்டும். முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடினால் பிழையும் சேர்ந்தே மனப்பாடமாகும்.

தாளத்துக்கு ஒரே குறிப்பு. பாப் பாட்டில் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை, ஸ்நேர் டிரம் இரண்டிலும் நான்கிலும் விழும். ஒன்றில் கைதட்டிப் பழகியவர்கள் இரண்டிலும் நான்கிலும் தட்டிக்கொண்டே பாடிப் பாருங்கள். ஒரு நாளில் வராது, வந்தபிறகு பாட்டு நடக்க ஆரம்பிக்கும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குச் சுருதியும் தாளமும் கைவசம் இருக்கும். அவர்கள் கற்க வேண்டியது சுரத்தை அசைக்காமல் நேராக நிறுத்துவது. ஒவ்வொரு சுரத்திலும் கமகம் கேட்டால் அது பாப் ஆகாது. நேராக நின்று, முடிவில் மட்டும் மெல்லிய அசைவு. தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். ஹார்மனி கேட்கும் காதும் அங்கேதான் கிடைக்கும். அதனால் அருகில் அப்படிக் குழு இருந்து, உங்களுக்கும் விருப்பம் இருந்தால் சேருங்கள்.

மேல் சுரங்கள்

உச்சத்தில் குரல் உடைந்து மெல்லிய குரலாக மாறுவதைக் கள்ளத் தொண்டை என்று பாட்டு வாத்தியார்கள் கண்டிப்பார்கள். அவர்கள் பாணிக்கு அது சரி. பாப்பில் அது குறையே அல்ல, தேடிப்போய்க் கற்கும் ஒரு நிறம். கூவுவதுபோல ‘ஹூ’ என்று மேலே தொடங்கி, அந்த மெல்லிய குரலிலேயே கீழே இறங்கி வாருங்கள். பேச்சுக் குரலோடு அது சந்திக்கிற இரண்டு மூன்று சுரங்களில் இடறும். அந்த இடத்தைச் சத்தம் போட்டுத் தாண்டப் பார்க்காதீர்கள். சத்தத்தைக் குறைத்துத் தாண்டுங்கள். ‘நே’, ‘மம்’ போன்ற அசைகளால் நாள்தோறும் இரண்டு நிமிடம் அங்கேயே போய்வாருங்கள். உச்ச சுரத்தில் உரக்கப் பாடும் வலிமை இந்த இணைப்பு சீரானபிறகு வரும், அதற்கு மாதங்கள் ஆகும்.

மைக் பிடிப்பது

மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் வைத்து மெதுவான வரிகளைப் பாடுங்கள். நெருங்கினால் குரலில் கனம் கூடும், அது மைக்கின் இயல்பு. உச்ச வரி வரும்போது ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். ‘ப’ வரும் இடத்தில் காற்று நேராக மைக்கில் மோதி ‘டப்’ என்று அடிக்கும், லேசாகச் சாய்த்துப் பிடித்தால் சரியாகிவிடும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம், ஆனால் ஒலி மங்கும், ‘ஊய்ங்’ என்று ஸ்பீக்கர் கத்தும். வீட்டில் மைக் இல்லையென்றால் ஒரு கரண்டியைப் பிடித்தாவது தூரத்தைப் பழகுங்கள்.

பதிவு செய்து கேளுங்கள்

வாரம் ஒரு முறை போனில் பதிவு செய்யுங்கள். முதல் தடவை உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது. நம் குரலை நாம் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறோம், பதிவில் எலும்பு வழி வரும் கனம் இருக்காது. நாலைந்து பதிவுக்குப் பிறகு பழகிவிடும். கேட்கும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு முறை சுருதி, மறுமுறை சொல், மறுமுறை வரியின் எடுப்பு, அதாவது தொடக்கம், தாளத்தில் சரியான இடத்தில் விழுகிறதா என்று. பதிவுகளை அழிக்காதீர்கள், தேதி போட்டு வையுங்கள்.

தொண்டையைக் காப்பது

மிளகும் பனங்கற்கண்டும் அதிமதுரமும் தொண்டைக்கு இதம் தரும், சாப்பிடுங்கள். ஆனால் விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை, உணவு போகும் பாதை வேறு. குரல்நாண்கள் ஈரமாக இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், மேடைக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டில் குடித்து வயிறு நிரப்புவதால் பயன் இல்லை. ஆவி பிடிப்பது நேரடியாக உதவும். ராத்திரி பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் காலையில் குரல் கரகரக்கும், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள், அதுவும் உழைப்புதான். பேசாமல் இருங்கள். கனைப்பதையும் குறையுங்கள்.

மீன் ஏலம் கூவுகிறவர்கள், கடைவாசலில் நின்று அழைக்கிறவர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் குரல் பாட்டுக்கு முன்பே களைத்திருக்கும். அவர்கள் வேலை முடிந்து ஸ்ட்ரா பயிற்சி மட்டும் செய்துவிட்டு, பாட்டை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியே இருந்தால் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள். குரல்நாணில் சிறு முடிச்சு விழுந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. போய்க் காட்டுங்கள். முடிச்சு ஆரம்ப நிலையில் இருந்தால் ஓய்வும் குரல் பயிற்சியும் போதுமானதாக இருப்பது உண்டு.

வாத்தியாரும் மேடையும்

மூன்று மாதம் இப்படிப் போனபிறகு ஒருவரிடம் போய்க் கற்பது நல்லது. சேர்வதற்கு முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் எல்லையைச் சோதித்து ஸ்கேலை மாற்றித் தருகிறாரா, வலிக்கிறது என்றால் நிறுத்தச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். ‘வலித்தால்தான் குரல் திறக்கும்’ என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் தேர்வுகளில் மூன்று பாட்டுகள் பாடிக் காட்ட வேண்டும், தொடக்க நிலைக்குப் பிறகு எட்டு கிரேடு உண்டு. சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள் எழுதலாம். பாடுவதற்கு அது கட்டாயம் இல்லை.

முதல் மேடைக்குத் தெருத் திருவிழாவோ நண்பர் வீட்டுப் பிறந்தநாளோ போதும். ஒரே பாட்டு, அதுவும் பாதித் தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய பாட்டு. ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், உங்கள் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர் இருந்தால் அதன் அருகே நில்லுங்கள். சொந்தக் குரல் கேட்காவிட்டால் கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். சவுண்ட் பார்க்கிற அண்ணனிடம் முன்கூட்டியே போய், உங்கள் ஸ்கேலைச் சொல்லி, மெதுவாகப் பாடப்போகிறேன், மைக் வால்யூமை ஏற்றி எக்கோவைக் குறைத்து வையுங்கள் அண்ணா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.